சிறு பண்ணையில் இறைச்சிக் கன்றுகள்: ஈற்றுக் காலத்தில் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆங்கஸ் போன்ற இறைச்சி இன மாடுகளை வளர்ப்போர் அவற்றைக் கறப்பதில்லை. ஆறேழு மாதம் தாயிடம் ஊட்டிப் பால் மறக்கடித்த கன்றே அவர்களின் ஆண்டு வருமானம். குளிர் விலகாத மாதங்களிலேயே பல பண்ணைகளில் ஈற்று தொடங்கிவிடும். இருபது முப்பது மாடுகளோடு இத்தொழிலில் இறங்குவோருக்கு அங்குள்ள நடைமுறை நல்ல வழிகாட்டி.

1. ஈற்றுக்கு முன்

சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள் என்பதால், காளையை விட்ட நாளைக் குறித்து வைத்திருந்தால் முதல் கன்று எந்த வாரம் விழும் என்று கணிக்கலாம். கன்று சிறுத்தால் ஈற்று எளிதாகும் என்று எண்ணித் தீவனத்தைக் குறைக்கக் கூடாது. தாய் மெலியும், சீம்பாலின் தரமும் கெடும். தீவனத்தை மாலையில் வைத்தால் பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனும். கனடாவின் மனிடோபாவில் கஸ் கோனெஃபால் என்ற மாடு வளர்ப்பாளர் பரப்பிய இம்முறைக்குச் செலவே இல்லை.

2. ஈனும்போது

பனிக்குடம் தெரிந்த நேரத்தை எழுதி வையுங்கள். முன்னங்கால் இரண்டும், குளம்பின் அடிப்பக்கம் நிலத்தை நோக்கியிருக்க, அவற்றின்மேல் மூக்கும் வந்தால் அது சரியான நிலை. மாட்டை அதன் போக்கில் விடலாம். அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தால் பெரும்பாலும் அவை பின்னங்கால்களே; உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். முக்கத் தொடங்கி ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லாத தலையீற்றுக் கிடேரிக்கும், அரை மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லாத பல ஈற்றுப் பசுவுக்கும் உதவி தேவை.

3. முதல் சில மணி நேரம்

கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கம் பல இடங்களில் இருந்தாலும் அது வேண்டாம். சளியை வழித்துவிட்டு, மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்தாலே நன்றாக மூச்சு விடும். தொப்புளை 7 சதவீத டிங்சர் அயோடினில் நனைக்கவும்.

மாட்டினத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையில் கன்றுக்குச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகவே கிடைக்கிறது. அதை உறிஞ்சும் திறன் நேரம் செல்லச் செல்லக் குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் கன்று ஊட்ட வேண்டும். நான்கு மணி நேரமாகியும் ஊட்டாவிட்டால் 2 லிட்டர் சீம்பாலைப் புட்டியில் கொடுங்கள். கன்றின் வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்றிருப்பது ஆபத்தின் அறிகுறி. துடைத்து, வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டு செல்லவும்.

4. நிலத்தை மாற்றுதல்

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரே வயலில் எல்லா மாடுகளும் ஈனும்போது, முதலில் பிறந்த கன்றுகளின் குடலில் கழிச்சல் கிருமிகள் பெருகிச் சாணத்தில் வெளியேறுகின்றன; அதனால் முதல் கன்றுகள் தப்பினாலும், கடைசியில் பிறப்பவை பிறந்த நாளிலேயே பெரும் கிருமிச் சுமையில் விழுகின்றன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் வகுத்த சாண்ட்ஹில்ஸ் முறை இதற்கு விடை தருகிறது: ஈன்ற மாட்டையும் கன்றையும் அங்கேயே விட்டுவிட்டு, இன்னும் ஈனாதவற்றைப் புது வயலுக்கு ஓட்ட வேண்டும்.

மார்ச் 1 அன்று ஈற்று தொடங்கினால், முதல் இரண்டு வாரம் எல்லாம் முதல் வயலில் இருக்கட்டும். 15ஆம் தேதி சினை மாடுகள் மட்டும் இரண்டாம் வயலுக்குச் செல்லும். அதன்பின் வாரம் ஒரு வயல். இளைய கன்றுக்கு நான்கு வாரம் ஆனபின் எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம். இடம் குறைவாக இருந்தால் மின்வேலியால் நான்கைந்து துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் வசதி மட்டும் கட்டாயம்.

5. கழிச்சல் கண்டால்

கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. கண் குழிந்து, கிள்ளிவிட்ட கழுத்துத் தோல் மெதுவாகத் திரும்பினால், தாய்ப்பாலை நிறுத்தாமல் இடையிடையே கன்றுகளுக்கான எலக்ட்ரோலைட் கரைசலை (நீரிழப்பை ஈடுகட்டும் உப்புக் கரைசல்) கொடுக்கவும். எழ முடியாமலோ சப்பும் உணர்வு இல்லாமலோ போனால் இரத்த நாளம் வழியே திரவம் ஏற்ற வேண்டும், மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோயுற்ற கன்றைத் தாயோடு தனியே ஒதுக்கி, நலமானவற்றை எல்லாம் கவனித்து முடித்த பிறகே அதனிடம் செல்லவும். திரும்பும்போது காலணியைக் கழுவிவிடவும்.