இட்லி மாவு பொங்கியது உப்பாலா? சமையலறைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல் உப்பு போட்டால் இட்லி மாவு நன்றாகப் பொங்கும், தூள் உப்பில் அவ்வளவு பொங்காது என்று பல வீடுகளில் சொல்வார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அருமையான கேள்வி. ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் கல் உப்பு, இன்னொன்றில் ஒரு ஸ்பூன் தூள் உப்பு போட்டுவிட்டு, காலையில் எது உயர்ந்திருக்கிறதோ அதுவே விடை என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சோதனையை வைத்து எதையுமே சொல்ல முடியாது.

கோளாறு ஸ்பூனிலேயே தொடங்குகிறது. கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால், அதே ஸ்பூனில் தூள் உப்பு கூடுதல் எடை பிடிக்கும். ஆக, உப்பின் வகையோடு அளவும் மாறிவிட்டது. தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கலாம். அயோடின் விஷயம் பாக்கெட்டைப் படித்தால்தான் தெரியும். அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. இத்தனையும் ஒன்றாக மாறினால், எதனால் பொங்கியது என்று எப்படிச் சொல்வது? அதனால் கேள்வியைச் சுருக்குங்கள்: உப்பு போட்டால் மாவு பொங்குவதில் வித்தியாசம் வருகிறதா? முதல் சோதனைக்கு இது போதும்.

அப்புறம், உப்பே போடாத மாவை யாரும் வைப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அந்த மாவைத்தான் ‘கன்ட்ரோல்’ என்கிறோம். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டி வரும் பாக்டீரியாக்கள், குறிப்பாக லியூகோனாஸ்டாக், வெளியிடும் கார்பன் டை ஆக்சைடால்தான் மாவு பொங்குகிறது. உப்பில்லாமலும் அது நடக்கும். அது எவ்வளவு என்று தெரியாமல் உப்பின் பங்கைச் சொல்ல வழியில்லை.

கன்ட்ரோல் என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைக்காதீர்கள். உப்பில்லாமல் ஒரே தடவையில் அரைத்த மாவை 300 கிராம் வீதம் இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் 3 கிராம் உப்பை 30 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றினால், மற்றதிலும் 30 மில்லி வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒன்றைக் கலக்கினால் மற்றதையும் அதே மாதிரி, அதே நேரம் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பைச் சோதிப்பதாக நினைத்துத் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருப்போம்.

பாத்திரமும் முக்கியம். வாய் அகன்ற டம்ளரில் மேலே ஒரு சென்டிமீட்டர் உயர, கீழே உயர்வதைவிட அதிக மாவு வேண்டும். பக்கம் நேராக உள்ள, ஒரே அளவுக் கண்ணாடி டம்ளர்கள் ஆறு எடுத்து, வகைக்கு மூன்றாகப் பாதிக்கும் கீழே நிரப்புங்கள். தொடக்க மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டுங்கள். உப்பு மாவையெல்லாம் அடுப்புப் பக்கமும் மற்றதை ஜன்னல் ஓரமும் வைக்காமல், ஒரே தட்டில் மாற்றி மாற்றி வையுங்கள். சூட்டுக்கு மாவு சீக்கிரம் பொங்கும்.

காலையில் ஒரு தடவை மட்டும் அளப்பதும் ஏமாற்றும். மாவு உச்சிக்குப் போய்விட்டு அமுங்கும். விடியும்போது தாழ்ந்திருக்கும் டம்ளர்தான் இரவில் எல்லாவற்றுக்கும் முந்திப் பொங்கியதாக இருக்கலாம். காலையில் கலந்து வைத்தால் பகல் முழுக்க மணிக்கொரு தடவை ஸ்கேல் வைத்து அளக்கலாம். டம்ளர்களில் வேறொருவர் எண் ஒட்டட்டும். எதில் உப்பு என்று அளப்பவருக்குத் தெரிய வேண்டாம்.

சரி, எண்கள் வந்துவிட்டன. உப்பில்லாத மூன்று டம்ளர்களுக்குள்ளேயே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால், இரு வகைகளுக்கும் இடையே வரும் அரை சென்டிமீட்டரைப் பெரிதாக எடுக்கக் கூடாது. தெளிவான வித்தியாசம் வந்தாலும் அது அந்த ஒரு மாவுக்கான பதில்தான். இன்னொரு நாள் புதிதாக அரைத்து, திரும்பச் செய்து பாருங்கள்.