வீட்டு அறையில் பாட்டும் மிருதங்கமும்: பதிவிலிருந்து மிக்ஸிங் வரை

மார்கழி சீசன் நெருங்கும்போது எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "வீட்டிலேயே ரெக்கார்ட் பண்ணிட்டோம், மிக்ஸிங் மட்டும் நீங்க பார்த்துக்கோங்க." கோப்பைத் திறந்தால் பாடகியின் குரலுக்குள் ஃபேன் சுற்றுகிறது, மிருதங்கம் எங்கோ மாடிப்படியில் வாசித்த மாதிரி கேட்கிறது. நல்ல பாட்டு, நல்ல வாசிப்பு. வீணாகப் போகிறதே என்று மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். பதிவான ட்ராக்குகளைச் சமன்செய்து சேர்க்கும் மிக்ஸிங்கைவிட, மைக்கை ஆன் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

என் அறை மந்தைவெளியில், முதல் மாடியில். ஒரு பக்கம் பறக்கும் ரயில், இன்னொரு பக்கம் குயிலும், ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டியும். முட்டை அட்டையும் மெல்லிய ஸ்பாஞ்சும் தெருச் சத்தத்தை நிறுத்தாது. அறைக்குள் எதிரொலிக்கும் கூர்மையான ஓசையை மட்டும் கொஞ்சம் குறைக்கும். சத்தத்தை அடைக்க கனமான சுவர் வேண்டும், வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை. எனவே நேரத்தைப் பார்த்து உட்காருங்கள். மதியம் 2 மணியிலிருந்து 4 வரை எங்கள் தெரு அடங்கியிருக்கும். இரவு 10க்கு மேலும் அமைதிதான், ஆனால் மிருதங்கம் பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பிவிடும்.

எந்த அறை என்பது அடுத்த கேள்வி. 10க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்றால் தவிர்த்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்றுமே சுமார் 56 ஹெர்ட்ஸில் அதிரும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் நாதம் அந்தப் பக்கம் இறங்கும்போதெல்லாம் அறையே உறுமும். ஹாலில் உட்காருங்கள், நட்ட நடுவில் வேண்டாம். டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்து, துணி அடைத்த அலமாரியைத் திறந்துவைத்து, இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பாடகருக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஹெட்போனில் ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்டால், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

சென்னையில் ஏசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேக் எடுக்கும்போது ஏசி ஓடக்கூடாது என்பதால் முன்கூட்டியே அறையைக் குளிர வைப்பார்கள். அந்தக் காற்றில் மிருதங்கத் தோல் உலர்ந்து சுருதி ஏறும். ஏசியை நிறுத்தியதும் ஈரக்காற்று பட்டு மெல்ல இறங்கும். எனவே ஏசியை நிறுத்தி 10 நிமிடம் விட்டுப் பிறகுதான் வலப்பக்கத் தோலான வலந்தலையைச் சுருதி சேர்க்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் தம்புராவோடு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். வலந்தலை நடுவில் இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சால்தான் அந்தத் தோலின் மேல்சுரங்கள் ஒழுங்கான விகிதத்தில் அமைகின்றன. நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். மிருதங்கம் ஒரு சுரத்தில் நின்று பேசும் வாத்தியம் என்பதால், மயிரிழை விலகினாலும் காதில் உறுத்தும். ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் அதைச் சேர்த்துவைக்க முடியாது.

பாடகரையும் மிருதங்கக்காரரையும் தனித்தனி அறையில் வைக்காதீர்கள். கண்ணோடு கண் பார்க்காமல் நம் சங்கீதம் நடக்காது. எதிரெதிரே, 6, 7 அடி இடைவெளியில் உட்கார வையுங்கள். முன்னால் வரும் ஒலியையே முக்கியமாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். பாடகரின் மைக் பாடகரைப் பார்த்தால் அதன் முதுகு தானாகவே மிருதங்கத்தின் பக்கம் திரும்பிவிடும். கசிவு பாதியாவது குறையும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், உதட்டு உயரத்துக்குச் சற்று மேலே. தார ஸ்தாயியில் பின்னால் சாய்கிற பழக்கம் இருந்தால் அப்படியே விடுங்கள். கச்சேரி மேடையில் வந்த நல்ல பழக்கம் அது. மின்னணுத் தம்புராவை ஸ்பீக்கரில் ஓட விடாமல் நேராக ஒரு தனி ட்ராக்கில் எடுத்து, மூடிய வகை ஹெட்போனில் கேட்க வையுங்கள்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக். தொப்பிக்கு எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக் போதும், முக்கால் அடி தள்ளி, கை வந்து போகும் வழிக்கு வெளியே. வலந்தலைக்கு நுட்பமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்ஸர் மைக் இருந்தால் நல்லது, அது வேலை செய்யத் தேவையான 48 வோல்ட் மின்சாரத்தைப் போட மறக்க வேண்டாம். இரண்டு மைக்கும் எதிரெதிர்த் தோலைப் பார்ப்பதால் ஒன்றின் ஒலி மற்றொன்றைத் தின்னக்கூடும். இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டு, தொப்பி ட்ராக்கில் இருக்கும், ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்தியும் விட்டும் கேளுங்கள். தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் கும்கி எந்த நிலையில் வயிற்றில் இறங்குகிறதோ அதுதான் சரி. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாததால் மெலிந்துபோன மிருதங்கப் பதிவுகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

லெவல் பார்க்க "கொஞ்சம் வாசிங்க" என்றால் யாரும் மென்மையாகத்தான் வாசிப்பார்கள். "அண்ணா, தனியோட கடைசிக் கோர்வைய வாசிங்க" என்று, தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வரும் உச்ச வாசிப்பைக் கேளுங்கள். அந்த உச்சத்தில் மீட்டர் -10 டெசிபலைத் தாண்டாமல், மைக் ஒலியை ஏற்றும் கெயினை வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது லெவல் சற்றுக் குறைந்திருந்தாலும் இரைச்சல் வராது. முடிப்பாக வாசிக்கும் தீர்மானத்தில் ஒலி அளவு மீறிச் சிதைந்து கிளிப் ஆனால் அந்த டேக் போச்சு. தொப்பியில் வைத்த ஈர ரவைப் பசை காய்ந்தால் நாதம் மாறும். இரண்டு பாட்டுக்கு நடுவில் அதைத் தொட்டுப் பார்க்க அவருக்கு அவகாசம் கொடுங்கள்.

இனி மிக்ஸிங். எந்த சாஃப்ட்வேர் என்பது முக்கியமில்லை, கைக்குப் பழகியது எதுவோ அது. தம்புராவையும் குரலையும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். ஈக்யூவில் ஆண்குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெண்குரலுக்கு 120 வாக்கில் அடி ஒலியை வெட்டலாம். 5 கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணுக்கு ஷட்ஜமே 196 ஹெர்ட்ஸ்தான், ஆனால் மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் 147 வரை இறங்கும். அதைத் தொடாமல் வெட்டுங்கள். உரத்த இடங்களைத் தானாகத் தணிக்கும் கம்ப்ரெஸரை எடுப்பதற்கு முன்னால் வரி வரியாக வால்யூமைக் கையால் ஏற்றி இறக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் சாகித்யம் தெளிவாகக் கேட்பது இதனால்தான். அப்புறம் 2:1 விகிதத்தில் ஒரு கம்ப்ரெஸர், 3 டெசிபல் குறைந்தால் போதும். மிருதங்கத்துக்கு, கம்ப்ரெஸர் பிடிக்கத் தொடங்கும் நேரமான அட்டாக்கை 20, 30 மில்லிசெகண்ட் தள்ளி வையுங்கள், முதல் அடி உயிரோடு வெளியே வரட்டும்.

பிட்ச் கரெக்‌ஷனைத் தயவுசெய்து தானியங்கியாக விடாதீர்கள். தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பது. சுருதியைத் திருத்தும் அந்த மென்பொருளுக்கு அசைவு என்றாலே பிழை, பிடித்து நேராக்கிவிடும். அப்புறம் அங்கே தோடி இருக்காது. ஒரு இடம் உண்மையிலேயே விலகியிருந்தால் அந்தச் சங்கதியை மட்டும் மறுபடி பாட வையுங்கள்.

எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் ஒன்றரை வினாடிக்குள், அது தொடங்கும் முன் விடும் இடைவெளியான ப்ரீடிலே 25 மில்லிசெகண்ட், ரிவெர்பின் அடிப்பகுதியை 200 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிடுங்கள், தொப்பி குழம்பாது. தம்புராவை ம்யூட் செய்தால் வெறுமை தெரிய வேண்டும், போட்டால் தனியாகக் கவனத்தை இழுக்கக்கூடாது.

கடைசி ஏற்றுமதியில் சராசரி ஒலி உரப்பை -16 லஃப்ஸ் வாக்கில், உச்ச அளவான ட்ரூ பீக்கை -1 டெசிபலில் நிறுத்துங்கள். யூடியூப் -14ஐத் தாண்டியதைத் தானே குறைத்துவிடும், அதோடு போட்டி போட்டு ஆலாபனையை நசுக்க வேண்டாம். கோப்பின் பெயரில் தேதி, ராகம், கட்டை மூன்றையும் எழுதுங்கள். தம்புராவில் சுருதியை நுணுக்கமாக மாற்றும் ஃபைன் ட்யூனிங்கைத் தொட்டிருந்தால் அந்த எண்ணையும் சேருங்கள். அடுத்த வாரம் பாடகி ஒரு அனுபல்லவியை மட்டும் திரும்பப் பாட வந்தால் அதே சுருதி உடனே வேண்டும்.