வழிதவறி வந்த குருவியை அடையாளம் காண்பது எப்படி?

ஐப்பசி பிறந்தால் வன்னியில் வடக்கிலிருந்து பறவைகள் இறங்கிக்கொண்டிருக்கும். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா வழியாக வரும் வான்வழியில் இலங்கைதான் கடைசித் தரை. அதற்குத் தெற்கே கடல். ஆண்டுதோறும் வருபவற்றோடு, இந்தப் பக்கம் தலைகாட்டாத ஒன்றும் எப்போதாவது வந்து சேரும். பெரும்பாலும் அது அந்த ஆண்டு பொரித்த இளம்பறவை. திசை பிசகியிருக்கும், அல்லது காற்று தள்ளியிருக்கும்.

வீட்டியர் என்ற குருவியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வாயில் பழகிய பெயர் அதற்கு இல்லை. அதில் ஓர் இனமான இசபெல்லா வீட்டியர், துருக்கி முதல் மொங்கோலியா வரையான வறண்ட வெளிகளில் முட்டையிடும். குளிர்காலத்தில் வடமேற்கு இந்தியா, அரேபியா, கிழக்கு ஆபிரிக்கா என்று போய்விடும். இலங்கையில் அதைக் காண்பது மிக அரிது.

முதற்படி: ஊர்க் குருவிகளைப் பாடமாக்குங்கள்

இதில் குறுக்குவழி கிடையாது. புலுனி, மைனா, கரிக்குருவி, நெட்டைக்காலி, கருஞ்சிட்டு ஆகியவற்றை ஆண், பெட்டை, குஞ்சு, இறகு உதிர்த்த கோலம் என எல்லா வேடத்திலும் தெரிந்திருக்க வேண்டும். நான் தொடங்கிய காலத்தில், மஞ்சள் தலையோடு ஒரு பறவையைக் குளக்கட்டில் கண்டு, ஒரு காலைப்பொழுது முழுவதும் அதன் பின்னால் அலைந்தேன். கடைசியில் அது தலையிறகு கொட்டிய மைனா. மைனாவின் தோல் மஞ்சள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: இடம்

வீட்டியருக்குக் காடு வேண்டாம். புல் கட்டையாக மேயப்பட்ட, வெட்டையான தரவை வேண்டும். சுண்டிக்குளம், நாயாறு, மன்னார்க் கரையோரம் போன்ற இடங்களில் விடிந்து இரண்டு மணித்தியாலம் நடந்து பாருங்கள். மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு நாடாவும் கண்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கண்ணிவெடி பறவை பார்க்க வந்தவரென்று விலகாது. முகாம்களின் பக்கம் தொலைநோக்கியை உயர்த்தவும் வேண்டாம். மாடு மேய்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். “இஞ்ச புதுக் குருவி ஒண்டு நிலத்தில ஓடித் திரியுது” என்று அவர்கள் சொன்னால் அது பெரும்பாலும் வீண்பேச்சாக இருக்காது.

மூன்றாம் படி: கண், பிறகு பென்சில், பிறகுதான் கமரா

புதிய குருவி எதிர்ப்பட்டதும் கை நேரே கமராவுக்குப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். நிற்கும் விதத்தையும் ஓடும் விதத்தையும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் திறக்கும் முன்பே எழுதுங்கள். புத்தகத்தைப் பார்த்த பின் எழுதினால் படத்தில் உள்ளதுதான் குறிப்பில் இருக்கும், குருவியில் இருந்தது இருக்காது. குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

“காலை 7.10. தரவை, மாட்டுத்தடம். வெயில் என் முதுகுப்புறம். சுமார் நாற்பது அடி. மணல் நிறம், மார்பில் கோடு இல்லை. கால் நீளம், நிமிர்ந்து நிற்கிறது. ஓடுகிறது, நிற்கிறது, குனிந்து எதையோ கொத்துகிறது. செட்டையும் முதுகும் ஏறக்குறைய ஒரே நிறம். பறந்தபோது இடுப்பு (முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம்) வெள்ளை, வால் நுனி அகலமாகக் கறுப்பு.”

நான்காம் படி: வாலைப் பாருங்கள்

என்னைக் கேட்டால், வீட்டியர் விஷயத்தில் பாதித் தீர்ப்பு வாலில்தான் இருக்கிறது. முதலில் ஊர்க்காரர்களைக் கழியுங்கள். கருஞ்சிட்டுப் பெட்டை வாலைத் தூக்கியபடி நிற்கும். அதன் வாலடி செம்பழுப்பு, இடுப்பில் வெள்ளை இல்லை. நெட்டைக்காலிக்கு மார்பில் கோடுகளும் வாலின் இரு ஓரங்களில் மட்டும் வெள்ளையும் உண்டு. பழுப்புக் கீச்சான் வேலிக்கம்பியில் இருக்கும். கண்ணில் கறுப்புப் பட்டை, வளைந்த அலகு.

இவை ஒன்றும் இல்லையென்றால் அது எழும்பும் கணத்துக்குக் காத்திருங்கள். வெள்ளை இடுப்பு தெரிந்தால் வீட்டியர் என்ற சந்தேகம் பலக்கும். வால் ஏறக்குறைய அடிவரை கறுப்பாக இருந்தால் பாலைவன வீட்டியர். கறுப்பு, தலைகீழான ‘T’ வடிவில் ஒடுங்கிய பட்டையாக இருந்தால் வடக்கு வீட்டியர். அதே வடிவில் பட்டை தடித்து வாலில் பாதியளவு மூடியிருந்தால் இசபெல்லா வீட்டியர்; அதற்குச் செட்டை மடிப்பில் ஒரு சிறு கறுப்புப் பொட்டும் தெரியும். மூன்றும் மணல் நிறத்தில் வரக்கூடியவை. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

வால் தெரியவேண்டும் என்று கல்லெறிந்து எழுப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து களைத்த குருவி அது. ஒலிப்பதிவு போட்டு அழைப்பதும் வேண்டாம்.

ஐந்தாம் படி: படமும் பதிவும்

இப்போது கமராவை எடுங்கள். மங்கலான படமும் உதவும். பக்கவாட்டில் ஒன்று, வால் விரிந்தபடி ஒன்று கிடைத்தால் நல்லது. பறவையின் பெயரை ஊகித்துச் சொல்லும் மெர்லின் என்ற கைபேசிச் செயலி இடத்தையும் மாதத்தையும் வைத்தே ஊகிப்பதால், வரக்கூடாத பறவைக்கு அது வழக்கமான பெயரைச் சொல்லக்கூடும். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையத்தளத்தில் பதியும்போது, எந்தெந்த ஊர்க் குருவிகளை ஏன் கழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்; அரிய பதிவு என்றால் சரிபார்ப்பவர் அதைத்தான் கேட்பார். கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கும் தெரிவிக்கலாம்.

மறுநாள் அதே நேரத்தில் அதே மாட்டுத்தடத்துக்குப் போய்ப் பாருங்கள். குருவி இல்லையென்றால் அதே பக்கத்தில் திகதி போட்டு ‘இல்லை’ என்று எழுதுங்கள்.