3.13 ஏன் 2.87 ஆகவில்லை?

உயர்தர இரசாயனவியலில் ஒரே கணக்கில் நான்கு நாட்கள் சிக்கியிருந்தேன். செறிவு 0.1 மோலர், பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ உடைய அசற்றிக் அமிலத்தின் பீஎச் பெறுமானத்தை (ஐதரசன் அயன் செறிவின் மடக்கையைக் குறிமாற்றிய எண்) காண வேண்டும். விடை 2.87, எனக்கோ ஒவ்வொரு முறையும் 3.13 வந்தது.

முதலில் மாறிலியைத் தவறாகப் பிரதி செய்தேனோ என்று பார்த்தேன், இல்லை. அமிலத்தின் பிரிகையைப் புறக்கணித்ததுதான் பிழையென எண்ணி, இருபடிச் சமன்பாட்டை முழுமையாகத் தீர்த்தபோதும் விடை 3.12 வரைதான் நகர்ந்தது.

கல்லடியில் எங்கள் வீட்டில் கூடிப் படிக்கும்போது, களுவாஞ்சிகுடியிலிருந்து வரும் தோழி என் இரண்டு விடைகளைப் பார்க்காமல், மடக்கை எடுத்த வரியை மட்டும் பார்த்துவிட்டு, "6க்கு மேல போட்ட கோடு எங்க?" என்று கேட்டாள். மாறிலியையும் செறிவையும் பெருக்கினால் வரும் 1.8 × 10⁻⁶ இன் மடக்கையில் 6 மட்டுமே மறை; .2553 நேர். அதைக் காட்டத்தான் 6இன் தலைமேல் மட்டும் ஒரு கோடு (பார்) போடுவோம். நான் பென்சிலால் இழுத்த அந்தக் கோடு 6இன் தலையிலிருந்து இறங்கி, அதற்கு முன்னால் கழித்தற் குறியாக நின்றது. அதனால் 6.2553 முழுவதையும் மறையாகக் கொண்டு, வர்க்கமூலத்துக்காகப் பாதியாக்கி, 3.1276 என எழுதியிருந்தேன். சரியாகச் செய்தால் 3இலிருந்து 0.1276ஐக் கழிக்க வேண்டும், 2.8724 வருகிறது. பெரும் நிம்மதி.

கவனிக்க வேண்டியது இதுதான்: பிழையான விடையையும் சரியான விடையையும் கூட்டினால் மிகச் சரியாக 6 வருகிறது. இரண்டின் கூட்டுத்தொகை இப்படி முழு எண்ணானால், சூத்திரத்தை விட்டுவிட்டு மடக்கை வரியில் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.