ஜாக்கெட் தைத்துக்கொண்டே பட்டம் படிக்க

வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, இக்னோவிலோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களுக்குப் பாதியில் மூச்சு வாங்குகிறது. அதற்குச் சோம்பல் காரணமில்லை. கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எண்ணாமல் துணியை வாங்கிவிடுவதுதான் காரணம். அதனால் முதலில் சரிசெய்ய வேண்டியது ஆர்டர் நோட்டு. படிப்பு அட்டவணையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாரம், தைக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் நேரம் குறியுங்கள். வெட்டுவதில் தொடங்கி கொக்கி கட்டி இஸ்திரி போடுவது வரை மொத்தமும் கணக்கில் வர வேண்டும். லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு 2 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது தினம் 5 மணி நேரம் கிடைத்தால் வாரத்துக்கு 25. அதில் 5 மணி நேரத்தை ஆல்டரேஷனுக்கும் கரண்ட் போவதற்கும் விட்டுவிடுங்கள். மிச்சம் 20 மணி நேரம், அதாவது 10 ஜாக்கெட். நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, 10 வரி மட்டும் நம்பர் போட்டு வையுங்கள். தெரிந்தவர் வந்து நிற்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வராது. “இந்த வாரம் நிறைஞ்சிடுச்சுக்கா, வர்ற வியாழக்கிழமை தரட்டுமா?” என்று பக்கத்தைத் திறந்து காட்டினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தேதி சொல்லிவிட்டுத் தராமல் இருந்தால்தான் அடுத்த முறை துணி வேறு கடைக்குப் போகும்.

ஒவ்வொன்றாக வெட்டித் தைப்பதில் நேரம் கரைகிறது. ஒரே நாளில் ஐந்தாறு துணியையும் வெட்டி, அதனதன் லைனிங், கொக்கி, அளவுச் சீட்டோடு சேர்த்துத் தனித்தனிக் கவரில் போடுங்கள். காட்டன் லைனிங்கை முதல் நாள் இரவே தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இதை விட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி சுருக்கம் விழும், ஜாக்கெட் இறுகும். அது திரும்பி வரும்; பிரித்துத் தைக்க இன்னொரு ஜாக்கெட் தைக்கும் நேரம் போய்விடும். பக்கத் தையலில் இருபுறமும் ஒரு அங்குலம் உள்துணி விடுங்கள். பிரித்துவிட வேண்டி வந்தால் 10 நிமிட வேலையோடு முடியும். கறுப்பு, கருநீலத் துணிகளைப் பகல் வெளிச்சத்திலேயே தைத்துவிடுங்கள். இரவில் தைத்தால் கண்ணும் நோகும், தையலும் கோணும்.

அடுத்தது காலண்டர். இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் தொடங்குகின்றன. ஜூன் தையல்காரருக்கு ஆகாத மாதம். பள்ளி திறந்து யூனிஃபார்ம் வந்து குவியும், வைகாசி, ஆனி முகூர்த்தமும் கூடவே வரும். டிசம்பர் அப்படியில்லை. பாதியில் மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணத் துணி நின்றுவிடும், பொங்கல் துணி மட்டும்தான். அதனால் கஷ்டமான பாடங்களை டிசம்பருக்கு வைத்துக்கொண்டு ஜூனில் ஒன்றிரண்டு மட்டும் எழுதுங்கள். தேர்வுக் கட்டணம் பாடவாரியாகத்தான் கட்டுகிறோம். விட்ட பாடத்தை அடுத்த முறை எழுதலாம். 3 வருடப் பட்டத்தை முடிக்க 6 வருடம் வரை அவகாசம் உண்டு. 4 வருடத்தில் முடிப்பது தோல்வியே இல்லை.

பலரும் கோட்டை விடுவது அசைன்மெண்டில், அதாவது தேர்வுக்கு முன்பே வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய விடைகளில். பெரும்பாலான பாடங்களில் அதற்கு 30 சதவீத மதிப்பெண். டிசம்பர் தேர்வுக்கான அசைன்மெண்டின் கடைசி நாள் தீபாவளித் துணி குவியும் நேரத்தை ஒட்டியே வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலை தணிந்திருக்கும். அப்போதே தொடங்கி நாளுக்கு ஒரு கேள்வி வீதம் எழுதி முடியுங்கள். கையால் எழுத வேண்டியிருப்பதால் கடைசி வாரத்தில் மொத்தமாக எழுத உட்கார்ந்தால் விரலும் ஒத்துழைக்காது.

தினப் படிப்புக்கு விடியற்காலை 4.30 முதல் 6 மணி வரை நல்லது. மோட்டார் மிஷின் ஓடினால் வீடே விழித்துவிடும், புத்தகம் புரட்டினால் யாரும் எழ மாட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தையலைத் தொடவே கூடாது. “ஒரே ஒரு ஹெம்மிங்தானே” என்று எடுத்தால் 6 மணி ஆகிவிடும். ஹெம்மிங்கும் கொக்கியும் மாலையில், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்ய ஏற்றவை. ஊசி கையில் இருந்தாலும் வாய்ப்பாடு கேட்கலாம், கணக்குச் சொல்லித் தரலாம்.

வீட்டாரிடம் “கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க” என்று பொதுவாகக் கேட்டால் எதுவும் நடக்காது. பெயர் சொல்லி, நாள் சொல்லிக் கேளுங்கள்: செவ்வாய், வெள்ளி பிள்ளையைக் கூட்டி வருவது அவர், ஞாயிறு மாவு ஆட்டுவது அத்தை. வாசலில் “துணி வாங்கும் நேரம் காலை 10 முதல் 12 வரை” என்று எழுதி ஒட்டுங்கள். முதல் இரண்டு வாரம் சிலர் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

துணி வாங்கும்போதே பாதிக் கூலியை முன்பணமாக வாங்குங்கள். தைத்து முடித்த ஜாக்கெட் வாங்க ஆளில்லாமல் பீரோவில் கிடக்காது. ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் 20 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வந்தால், வாரம் 10 வீதம் மாதம் ஏறக்குறைய 800 ரூபாய் சேரும். அடுத்த வருடப் படிப்புக்கான மறுபதிவுக்கும் தேர்வுக்கும் கட்டணம் கட்ட வேண்டி வரும்போது வீட்டுச் செலவில் கை வைக்க வேண்டாம். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்க, சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்கலாம். அதற்கு உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு கையில் இருந்தால் நல்லது, ஆதார் வைத்து இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். இதற்கு யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள். தேர்வு நடக்கும் மாதத்தில் மட்டும் கடன் வாங்காதீர்கள். முதல் தவணை வரும்போது வருமானம் குறைந்திருக்கும்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே நோட்டில் 10 வரியை 4 ஆக்குங்கள். ஹெம்மிங் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் இருந்தால் உருப்படிக் கூலிக்குக் கொடுத்துவிடலாம். வெட்டுவதை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அளவு தவறினால் பழி உங்கள் மேல்தான் விழும். தேர்வுக்கு முந்தின நாள் எந்த டெலிவரியும் வேண்டாம். ஹால் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பையில் வைத்துவிட்டு, மிஷினுக்கு உறை போட்டு மூடிவிடுங்கள்.