கரண்ட் என்றால் மின்சாரம் மட்டும்தானா?

பாம்பனிலோ கீழக்கரையிலோ 'கரண்ட் போச்சு' என்றால் ஃபேன் நின்றுவிட்டது என்று பொருள். அதே சொல் கடல் அறிவிப்பில் வந்தால் நீரோட்டம், நம் ஆட்கள் சொல்லும் நீவாடு. விண்ணப்பத்தில் வந்தால் 'இப்போதைய'. ஓடுவதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்த சொல் இது. தண்ணீர் ஓடினாலும், கம்பியில் மின்சாரம் ஓடினாலும், நாள் ஓடிக்கொண்டிருந்தாலும் கரண்ட்தான்.

கடல் அறிவிப்பை ஆங்கிலத்தில் படிக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். அதில் 'விண்ட்', 'கரண்ட்' இரண்டுக்கும் திசை போட்டிருக்கும், ஆனால் கணக்கு வேறு. காற்றுக்கு அது எங்கிருந்து வருகிறதோ அதுதான் திசை. வடக்கிலிருந்து அடிப்பதை நாம் வாடை என்கிறோமே, அதே முறை. கரண்டுக்கோ எங்கே போகிறதோ அதுதான் திசை. 'நார்த்' என்று காற்றுக்குப் போட்டிருந்தால் படகைத் தெற்கே தள்ளும். கரண்டுக்குப் போட்டிருந்தால் வடக்கே இழுக்கும். இதை மாற்றிப் படித்தால், விட்ட வலையைத் தேடி எதிர்ப்பக்கம் போய் டீசலை எரிக்க வேண்டியதுதான்.

வேகத்தைப் பெரும்பாலும் வினாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று தருவார்கள். 50 செ.மீ. என்றால் மணிக்கு 1.8 கி.மீ., ஏறக்குறைய 1 நாட் (கடலில் வேகத்தைச் சொல்லும் அலகு). ஆகவே அந்த எண்ணை 50-ஆல் வகுத்தால் நாட் கிடைத்துவிடும்: 75 என்றால் ஒன்றரை.

'ரிப் கரண்ட்' என்பது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் ஓட்டம். சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்புங்கள்.

வங்கியில் 'கரண்ட் அக்கவுண்ட்' நடப்புக் கணக்கு. தினமும் பணம் புரளும் கருவாட்டு வியாபாரிக்கு அது சரி. பொதுவாக வட்டி கிடையாது என்பதால் வீட்டுச் சேமிப்பை அதில் போட வேண்டாம். 'கரண்ட் அட்ரஸ்' கேட்டால் இப்போது தங்கியிருக்கும் முகவரி. சென்னை விடுதியில் படிக்கும் மண்டபத்துப் பிள்ளை விடுதி முகவரியை இங்கே எழுதி, ஊர் முகவரியை 'பெர்மனென்ட்' கட்டத்தில் எழுத வேண்டும்.

வெளிநாட்டவரிடம் பேசும்போது 'கரண்ட் பில்' வேண்டாம், 'எலக்ட்ரிசிட்டி பில்' என்றால் சட்டென்று புரியும். மின்தடைக்கு 'பவர் கட்'.

கரண்ட் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'என்'னுக்கு (n) முன்னால் வரும் எழுத்து 'ஈ' (e). அங்கே 'ஏ' (a) போட்டால் அது கேக்கில் போடும் சின்ன உலர்திராட்சை.