விபத்து வழக்கு: பில் உண்மை, காகிதம் பொய்

"ஆஸ்பத்திரி பில்லை வைத்துக் காசு பார்க்கிறார்கள்" என்று விபத்து இழப்பீடு கேட்பவர்களைப் பற்றிச் சொல்வார்கள். போலி மனுக்கள் வருவதும் உண்மைதான். ஆனால் நிஜமாகவே கால் ஒடிந்தவரின் மனுவும் போலியாகத் தெரிகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். எம்சிஓபி (வாகன விபத்து இழப்பீட்டு மனு) பக்கம் புதிதாக வரும் ஜூனியர்களுக்காக இது.

"பைக் ஸ்லிப் ஆயிடுச்சு டாக்டர்"

என் கட்சிக்காரரை ஒரு கார் இடித்தது. "போலீஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று கார்க்காரர் கெஞ்ச, கேஷுவாலிட்டியில் கட்சிக்காரரின் மச்சான் சொன்னது: பைக் சறுக்கித் தானாக விழுந்துவிட்டார். டியூட்டி டாக்டர் அதை அப்படியே ஏ.ஆர். புத்தகத்தில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) எழுதிவிட்டார். கார்க்காரர் போனை எடுப்பதை நிறுத்திய பிறகுதான் எப்.ஐ.ஆர். பிளேட், ஸ்க்ரூ, பில் எல்லாம் அசல். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினார். மனு தள்ளுபடி.

எப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அதை நம்பி ஏ.ஆர். காப்பியைப் பார்க்காமலே மனு போடுகிறார்கள். தாமதம் வேறு, முதலில் சொன்னதே வேறாக இருப்பது வேறு. காப்பியை முதலில் வாங்குங்கள். தப்பாக இருந்தால், தகவல் சொன்னவரையே சாட்சியாக ஏற்றி, ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பதிவு செய்யுங்கள். நேரில் பார்த்தவரையும் தேடுங்கள். கம்பெனி கண்டுபிடிக்காது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

போலீஸ் கேஸ் என்றால் வைத்தியம் பார்க்க மாட்டார்கள் என்ற பயமும் இன்னும் போகவில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 முதல் இருக்கிறது. இதற்காகப் பொய் எதற்கு?

பில் தொகையோடு நிறுத்துவது

ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரும். வேலைக்குப் போகாத மாதங்கள், ஊனத்தால் குறையும் சம்பாத்தியம், வலி, சத்துணவு, ஆட்டோ செலவு எல்லாம் தனித்தனித் தலைப்புகள். அதே ஊன சதவீதம் கொத்தனாருக்கு ஒரு கணக்கு, கிளார்க்குக்கு வேறு கணக்கு.

ஒரிஜினல் பில்

லேமினேட் செய்யாதீர்கள்.

ஆறு மாதம்

மனு போட இதுதான் கெடு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 1.4.2022 முதல் அமலில் இருக்கும் பிரிவு 166(3). விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள், டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல.